பாய்லர் வீட்டுக் கதவு

பிப்ரவரி 3, வெள்ளி

கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாள் சும்மா கிடந்தது. இன்று கோபம் வந்ததால் எழுத ஆரம்பிக்கிறேன். வாயால் கொட்டினால் சண்டைக்காரி என்கிறார்கள். பேப்பர் ஒன்றும் சொல்லாது.

எனக்கு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையில் குறை கண்டுபிடிக்க வேண்டும், பிசிறு நூலைச் சின்னக் கட்டரால் வெட்ட வேண்டும். “குறை கண்டுபிடிக்கச் சம்பளமா? உனக்குன்னே செஞ்ச வேலை அமிர்தவல்லி” என்று என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

இன்று நான் வேலைக்குப் போயிருந்தபோது எங்கள் காம்பவுண்டில் கணக்கெடுப்பு நடந்துவிட்டது. மேம்பாலம் வருகிறது. எங்கள் பதினாறு வீடும் இடிபடும். பதினைந்து வருடத்துக்கு மேல் இங்கே குடியிருப்பவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஆள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன? வர மாட்டார்கள்.

எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். இன்று சவாரியை விட்டுவிட்டு அந்த சர்வே பெண்ணோடு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

“ஒரு வூடு வுடல தங்கச்சி. நானே கூட நின்னு ஜோரா எழுத வெச்சுட்டேன். நீ கவலையே பட்டுக்காத” என்றார்.

அவர் கவலைப்படாதே என்றால்தான் எனக்குக் கவலை.

பிப்ரவரி 5, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். பக்கத்து வீட்டு ரோசாலி அக்கா முட்டிக்குத் தைலம் கேட்டு வந்தவள், போகிற போக்கில் “பாப்பாவுக்குச் சொல்ட்டியா, வூடு இடிக்கப் போறத?” என்றாள். எந்தப் பாப்பா என்று கேட்டேன். தைலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இடிக்கப் போகிற இடத்தைப் பற்றி எழுதி வைத்தால் தப்பில்லை. இது மேஸ்திரி காம்பவுண்டு. பின்னால் இருந்த நூல் மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி, தான் கொண்டு வந்த ஆட்களிடமே வாடகை வாங்கலாம் என்று கட்டிய லைன் வீடுகள். எதிரும் புதிருமாக எட்டு எட்டு. நடுவில் ஒரு அடிபம்பு, கடைசியில் இரண்டு கக்கூஸ். மில்லுக்கு மெஷின் வந்த மரப்பெட்டிகளை உடைத்துத்தான் கதவு செய்திருக்கிறார். மனுஷன் ஒரு ஆணிகூட வீணாக்கியதில்லை. ஆனால் பெட்டி சீமை மரம். எழுபது வருடமாகியும் கரையான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இங்கே வீட்டுக்கு நம்பர் கிடையாது, பெயர்தான். முதலில் குடிவந்தவரின் பெயர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். என் வீடு பாய்லர் வீடு. மில்லில் பாய்லர் பார்த்த கண்ணாயிரம் இருந்தது. முனிரத்தினம் அண்ணன் இருப்பது பட்டாளத்தார் வீடு. ரோசாலி அக்காவுக்கு நர்ஸம்மா வீடு. கடைசி வீடு நாய்கடிச்சார் வீடு. அந்த மனுஷனை நாய் கடித்து அறுபது வருடம் இருக்கும். இன்றைக்கும் அதுதான் பெயர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்தால் கதவின் உள்பக்கத்தில் ஆணியைச் சுட்டு எழுதுவார்கள். அப்போது யார் வீட்டிலும் கடிகாரம் இல்லை. மில் சங்குதான் நேரம். என் கதவில் முதல் வரி, ‘கண்ணாயிரம் மக சரோஜா, 12-3-54, ரெண்டாம் சங்கு’. குடி மாறினாலும் பழைய வரியை யாரும் தொடக்கூடாது. புதுக் குடி அதற்குக் கீழே எழுதும். மில் மூடின வருடம் கிராமபோன் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். அந்தக் கதவில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘சங்கு இல்லை’ என்று சுட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக் கதவை நான் எப்போதும் சுவரோடு ஒட்ட அகலத் திறந்தே வைத்திருப்பேன். காற்று வர.

பிப்ரவரி 12, ஞாயிறு

பம்பில் தண்ணீர் வரவில்லை. வாஷர் மாற்றினோம். இடிக்கப் போகிற பம்புக்கு வாஷர் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்.

பிப்ரவரி 20, திங்கள்

வேலை முடிந்து வந்தால் கேட்டில் நோட்டீஸ். ‘மேற்படி வளாகத்தில் தற்போது குடியிருப்போர் எவரும் இல்லை எனக் களஆய்வில் தெரியவருவதால்’ என்று ஆரம்பிக்கிறது. நான் அதைப் படித்துக்கொண்டு நிற்கையில் உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, ரோசாலி அக்கா யாரையோ திட்டுகிறாள், நாய்கடிச்சார் வீட்டில் டிவி அலறுகிறது. எவரும் இல்லையாம். ஏப்ரலில் இடிப்பார்களாம்.

“அப்ப நாம இன்னா பேயா?” என்றாள் ரோசாலி அக்கா.

நோட்டீஸைக் கிழிக்கப் போனார்கள். கிழிக்காதீர்கள், நமக்கு வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டு, நோட்டீஸ் போட்ட தாலுகா ஆபீஸுக்குப் போனேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சார் முகத்தை நிமிர்த்தாமலே கணக்கெடுப்புப் பட்டியலைத் தள்ளினார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

ஒன்று: பாய்லர் கண்ணாயிரம். இரண்டு: பட்டாளத்தார். மூன்று: நர்ஸம்மா. அப்படியே போய், பதினாறு: நாய்கடிச்சார்.

“இதுல ஒருத்தரும் அங்க இல்லம்மா. விசாரிச்சதுல பாதிப் பேரு செத்துட்டாங்க, மீதிப் பேரு எங்கன்னே தெரியல. அப்ப வீடு காலிதானே?”

“நாங்க இருக்கோமே சார்.”

“நீங்க லிஸ்ட்லயே இல்லியே. வீட்டு ஓனரும் எழுதிக் குடுத்துட்டாரு, எல்லாரும் எப்பவோ காலி பண்ணிட்டாங்க, இப்ப இருக்கறது நேத்து வந்தவங்கன்னு. பதினஞ்சு வருஷம் இருந்ததுக்கு ஆதாரம் இருந்தா கொண்டாங்க.”

ஓனர் என்றால் மேஸ்திரியின் பேரன். நாங்கள் இல்லாவிட்டால் இழப்பீடு மொத்தமும் அவருக்கு. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்களுக்கு வாடகை ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்ததில்லை. ரேஷன் கார்டுக்கு இந்த விலாசம் போட்டால் அன்றே காலி பண்ணச் சொல்வார்கள். அதனால் எங்கள் கார்டெல்லாம் மாமியார் வீடு, மச்சான் வீடு என்று ஊர் பூராவும் கிடக்கிறது. ஓட்டு அட்டையில் ‘மில் பின்புறம்’ என்று மட்டும் இருக்கும். மில்லே இல்லை, அதன் பின்புறத்தை எங்கே போய்த் தேடுவது?

பிப்ரவரி 22, புதன்

முனிரத்தினம் அண்ணனைப் பம்படியில் வைத்துப் பிடித்தேன்.

“அந்தப் பொண்ணு உங்கள இன்னா கேட்டுச்சு?”

“இது யாரு வூடுன்னு கேட்டுச்சு. பாய்லர் வூடுன்னேன். முழுப் பேரு சொல்லுங்கன்னுச்சு. பாய்லர் கண்ணாயிரம்னேன். கரீட்டாத்தானே சொன்னேன்?”

“உங்க வூட்டுக்கு?”

“பட்டாளத்தார் வூடு.”

“உங்க பேரு இன்னாண்ணா?”

அவர் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் குடியிருந்த வீட்டுக்குத் தன் பெயரைச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். திட்டவில்லை. யோசித்தால், நான் இருந்திருந்தாலும் பாய்லர் வீடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 1, புதன்

மேஸ்திரி பேரனுக்குப் போன் போட்டேன். “எல்லாரும் வயசானவங்க, எதுக்கு அலையறீங்க?” என்றார். எனக்கு நாற்பத்தொன்பது. உங்கள் தாத்தா மரப்பெட்டியில் கதவு செய்தது போல நீங்கள் எங்களை வைத்து மாடி கட்டப் பார்க்கிறீர்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 5, ஞாயிறு

இன்று கதவு ஞாபகம் ரோசாலி அக்காவுக்குத்தான் வந்தது. “ஆதாரம் ஆதாரம்னு அலையறோமே, கதவு பின்னாடி கீதேடி!” என்று கத்தினாள்.

எல்லோரும் அவரவர் கதவைத் துடைத்துப் படித்தார்கள். பதினாறு கதவிலும் இருக்கிறது. பட்டாளத்தார் பிள்ளைகள் நாலு பேர், அதற்குக் கீழே இன்னொரு குடி, அதற்கும் கீழே முனிரத்தினம் அண்ணன் பெற்ற மூன்று, 1993, 95, 98. லிஸ்டில் இருக்கும் பெயரில் ஆரம்பித்து இன்று இருக்கிற ஆளில் வந்து நிற்கிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? செல்போனில் படம் எடுத்தோம்.

என் கதவை நானே படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, திங்கள்

திங்கள் மனு நாள். போட்டோக்களை எடுத்துக்கொண்டு முனிரத்தினம் அண்ணனும் ரோசாலி அக்காவும் போனார்கள். இன்ஸ்பெக்டர் பார்க்கக்கூட இல்லையாம். “போட்டோவுல எத வேணா மாத்தலாம். ஒரிஜினல் கொண்டாங்க” என்றாராம்.

கொண்டு போகிறோம் என்றேன்.

“இன்னாத்த?”

“கதவ.”

மார்ச் 8, புதன்

கம்பெனியில் மகளிர் தினம். ஆளுக்கொரு ரோஜாவும் சாக்லேட்டும். ஓவர்டைம் கேட்டால் மட்டும் தர மாட்டார்கள்.

சாயங்காலம் போன் தவறுதலாக ஒரு நம்பருக்குப் போய்விட்டது. மூன்று முறை. எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

தச்சர் ஒருவரைக் கூட்டி வந்து கதவுகளைக் கழற்றினோம். கதவில்லாத பதினாறு வீட்டைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எல்லோருடைய அண்டாவும் கட்டிலும் அழுக்குத் துணியும் வெளியே தெரிகிறது. நாளைக்குள் எவனாவது திருட வந்தால் எடுக்க என்ன இருக்கிறது என்று பேசிச் சிரித்தோம்.

என் கதவைக் கழற்றித் திருப்பிப் போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாயிரத்தின் பிள்ளைகள் ஐந்து வரி. அதற்குக் கீழே ஒரு குடி, இரண்டு வரி. அதற்குக் கீழே, துரைக்கண்ணு உட்கார்ந்து சுட்டு எழுதிய இடத்தில், வெள்ளையாக மரம்தான் தெரிகிறது. தேதியில் ஒரு ‘1’ மட்டும் பாக்கி.

ரோசாலி அக்கா தடவிப் பார்த்து, “பிசிறு வெட்ற கட்டர்லயாடி?” என்றாள்.

ஆமாம். இரண்டு வருடம் முன்பு. மகள் கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துக்கொண்டது, தெருவில் வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. எவனைக் கட்டினாள் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையன், நல்லவன் என்றுதான் சொல்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொன்னால் நான் கத்துவேன் என்று பயமாம். கத்தியிருப்பேன்தான். கத்திவிட்டு அழுதுவிட்டுப் புடவை எடுக்கப் போயிருப்பேன். பெற்றவளைப் பற்றி அதுகூடத் தெரியாதா? அன்றைக்கு அரைமணி நேரம் சுரண்டினேன். இந்தக் காம்பவுண்டில் ஒரு வரியை அழித்தவள் நான் ஒருத்திதான். இப்போது நான் இங்கே இருந்தேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சியும் அதுதான்.

“உன் கதவு வேணாம், வுட்டுரு. மத்தவங்களுது போதும்” என்றார் முனிரத்தினம் அண்ணன், என் மானம் போகக்கூடாது என்று.

என் கதவும் வரும் என்றேன்.

மார்ச் 13, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டி நாலில் பதினைந்து கதவு. என்னுடையதற்கு இடம் இல்லை. தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். முன்பக்கம் நான், பின்பக்கம் ரோசாலி அக்கா. மெயின் ரோட்டில் டிராபிக் போலீஸ் நிறுத்தி, என்ன ஊர்வலம், பர்மிஷன் எங்கே என்றார். “ஊர்வலமெல்லாம் இல்ல சார், ஒரிஜினல் கேட்டாங்க, எடுத்துனு போறோம்” என்றார் முனிரத்தினம் அண்ணன். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு வழிவிட்டார்.

பாலத்துச் சரிவில் ஏறும்போது கை கடுத்தது. ரோசாலி அக்கா முட்டி வலியோடு எப்படி ஏறுவாள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பார்த்தால் பின்பக்கம் கனமே தெரியவில்லை, நடை வேகமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் பிடித்திருந்தது ரோசாலி அக்கா இல்லை. வெண்ணிலா.

தோளில் ஒரு பை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“தூக்கறதுதான் தூக்கற, நேரா தூக்கு” என்றேன். இரண்டு வருடம் கழித்து நான் என் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அது. வேறு நல்ல வார்த்தையே எனக்குக் கிடைக்கவில்லை.

ஆபீஸ் வாசலில் கதவுகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினோம். மனு கொடுக்க வந்த ஜனமெல்லாம் நின்று படிக்க ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் ஓடி வந்து எடுங்கள் எடுங்கள் என்று கத்தினார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து பெரிய ஆபீசர் அம்மா இறங்கி வந்தார்.

“என்னம்மா இது, கதவையெல்லாம் கழட்டிக்கிட்டு?”

“உங்க ஆபீஸ்ல ஒரிஜினல் கேட்டாங்க மேடம். இதுக்கு ஜெராக்ஸ் போட முடியல” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கதவாகக் குனிந்து படித்தார். ‘சங்கு இல்லை’ என்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, “எனக்குப் புரியுது. ஆனா இது பேப்பர் இல்லியே. போன வாரம் சுட்டு எழுதினதுன்னு ஓனர் கோர்ட்ல சொன்னா நான் என்ன காட்டுவேன்? இந்த வீட்டுப் பேரெல்லாம் நீங்க சொல்றதுதானே?” என்றார். என் கதவுக்கு வந்தார். “இங்க யார் சுரண்டினது? ஏதோ மறைக்கப் பாக்கற மாதிரி இருக்கே.”

பின்னால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். பொய் சொல்லியிருக்கலாம். கரையான் என்று சொல்லியிருக்கலாம்.

“நான்தான் மேடம் சுரண்டினேன். கோவத்துல. தப்பு என்னுதுதான்.”

“யார் பேரு இருந்துச்சு?”

“எம் பேரு மேடம்” என்றாள் வெண்ணிலா. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். “நான் படிச்ச கார்ப்பரேஷன் ஸ்கூல்ல போய் எழுதி வாங்கினு வந்தேன். ரெண்டாயிரத்து ஆறுல ஒண்ணாங் கிளாஸ் சேத்த ரிஜிஸ்டர் நகல். ஹெட்மாஸ்டர் சீலு கீது பாருங்க.”

அந்த அம்மா சத்தமாகப் படித்தார். “வெண்ணிலா, தகப்பனார் துரைக்கண்ணு, தாயார் அமிர்தவல்லி. விலாசம்: பாய்லர் வீடு, பட்டாளத்தார் வீட்டுக்கு எதிரில், மேஸ்திரி காம்பவுண்டு.”

எனக்கு ஞாபகமே இல்லை. வெண்ணிலாதான் சொன்னாள்.

“கதவு நம்பர் இல்லாம எழுத முடியாதுன்னு கிளார்க் சொன்னாரு. நீதான்மா சண்ட போட்ட. நம்பர் இல்லன்னா வூட்டுப் பேர எழுது, அதுவும் பத்தலன்னா எதிர் வூட்டுப் பேரையும் எழுதுன்னு மேஜைய தட்டின. எனக்கு அப்ப ரொம்ப அவமானமா இருந்துச்சு.”

அந்த அம்மா இன்ஸ்பெக்டரிடம் லிஸ்டை வாங்கினார். ஒன்று, பாய்லர் கண்ணாயிரம். இரண்டு, பட்டாளத்தார். ரிஜிஸ்டர் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் மெதுவாகக் கேட்டார். “பதினேழு வருஷத்துக்கு முன்னாடியே அரசாங்க ரிஜிஸ்டர்ல இந்த வீட்டுப் பேரு இருக்கு. நீங்க அங்க போய் யாருமில்லன்னு எழுதியிருக்கீங்க. போனீங்களா?”

இன்ஸ்பெக்டர் என் கதவைச் சுவரோடு சேர்த்து நேராக நிறுத்த ஆரம்பித்தார்.

மறு கணக்கெடுப்புக்கு உத்தரவு. நோட்டீஸ் நிறுத்தி வைப்பு. கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்காமல் ஒரு கதவும் நகராது என்றோம். வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.

திரும்பும்போதும் பின்பக்கம் அவள்தான் தூக்கி வந்தாள்.

“மூணு மிஸ்டு கால் வந்துச்சு. நீ சும்மா போன் பண்ற ஆளு இல்லியே. ரோசாலி பெரிம்மாவ கேட்டேன்” என்றாள்.

“தவறிப் போய்டுச்சு” என்றேன்.

“மூணு வாட்டியா?”

“நேரா தூக்கு.”

மார்ச் 14, செவ்வாய்

நேற்றைய லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள். பிடிக்கட்டும்.

மார்ச் 25, சனி

மறு கணக்கெடுப்பு. அதே பெண்தான் வந்தது, பாவம், பயந்துகொண்டே. முனிரத்தினம் அண்ணன் அவள் கேட்பதற்கு முன்பே “முனிரத்தினம், முனிரத்தினம்” என்று இரண்டு முறை சொல்லி, எழுத்துக் கூட்டவும் ஆரம்பித்துவிட்டார். என் வீட்டில் பெயர் கேட்டாள். சொன்னேன். பிள்ளைகள் என்று கேட்டாள்.

மகள் ஒன்று என்றேன். உள்ளே வெண்ணிலா எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மருமகன் வெளியே நின்று முனிரத்தினம் அண்ணனிடம் மாட்டிக்கொண்டு ஆட்டோவின் வியாதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டியல் போனது. சாவி கைக்கு வந்தால்தான் நம்புவேன்.

மார்ச் 26, ஞாயிறு

காலையில் கேஸ் அடுப்பில் ஆணியைச் சுட்டேன். வெள்ளையாகக் கிடந்த இடத்தில் எழுதினேன். ‘துரைக்கண்ணு அமிர்தவல்லி மக வெண்ணிலா, 9-8-2001, ஆறே முக்கா ரயில்.’ சங்கு நின்ற பிறகு நாங்கள் ரயிலைத்தான் நேரமாக வைத்துக்கொண்டோம். எழுத்து கோணலாகிவிட்டது. துரைக்கண்ணுவின் எழுத்து இன்னும் அழகாக இருக்கும். அதை நான் அழித்தேன், இனி அது வராது. வெண்ணிலா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் அவளை நன்றாகத் திட்டினேன், இரண்டு வருடத்துத் திட்டு. முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

முனிரத்தினம் அண்ணன் எட்டிப் பார்த்து, “இடிக்கப் போற வூட்டுக் கதவுல இன்னாத்துக்கும்மா எழுதிக்கினு கீற?” என்றார்.

“வூட்டத்தான் இடிப்பாங்க. கதவு என்னோட வரும். புது வூட்ல அவுங்க மாட்டின கதவ கழட்டிட்டு இத்தத்தான் மாட்டப் போறேன். கேக்கறவன் கேக்கட்டும்.”

அவர் தன் வீட்டுக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆணி இன்னும் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றேன். பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கிறது, தன் பெயரைத் தனியாக ஒரு இடத்தில் எழுத வேண்டுமாம்.

கொடுத்தேன்.